ஸ்பீச் தெரபியில் எம்.எஸ்சி.: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

பேச்சு மொழி நோயியலில் எம்.எஸ்சி. சேர ஒரே வாசல் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவித்திறன், பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டம்தான். பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு ஆண்டு, அதில் இன்டர்ன்ஷிப்பும் அடக்கம். உளவியல், மொழியியல், நர்சிங் முடித்தவர்கள் நேராக எம்.எஸ்சி.க்கு வர முடியாது, பி.ஏ.எஸ்.எல்.பி.யை முதல் ஆண்டிலிருந்தே படிக்க வேண்டும். டி.எச்.எல்.எஸ். என்ற செவித்திறன், மொழி, பேச்சுக்கான ஓராண்டு டிப்ளமோவும் இதற்குப் போதாது. ஆறு மாத ‘ஸ்பீச் தெரபி’ சான்றிதழுக்குப் பணம் கட்டி ஏமாந்து வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, அந்த மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்வது குற்றம். அந்தச் சான்றிதழ்கள் பதிவு வாங்கித் தராது.

கல்லூரியைத் தேடும்போது, ‘ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரத்தில் இருப்பதை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. இந்தப் படிப்பு, இத்தனை இடம், இந்தக் கல்வியாண்டு வரை என்றுதான் கிடைக்கும். பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு அனுமதி இருக்கும் இடத்தில் எம்.எஸ்சி.க்கு இல்லாமல் போகலாம், இருந்தது காலாவதியும் ஆகியிருக்கலாம். ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் நீங்கள் சேரப்போகும் ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

நம் பக்கத்து மாணவர்களுக்கு எட்டும் தூரத்திலேயே நல்ல இடங்கள் உண்டு. மைசூருவில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965 முதல் இயங்குகிறது. மைசூரு ரயில் ஒன்று தருமபுரி, ஓசூர் வழியாகவே போகிறது. பெங்களூருவில் எஸ்.ஆர்.சந்திரசேகர் நிறுவனமும் சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவும் இருக்கின்றன. பி.ஏ.எஸ்.எல்.பி.யில் பொதுவாக 55 விழுக்காடு கேட்பார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. நுழைவுத்தேர்வு இருந்தால் கேள்விகள் பி.ஏ.எஸ்.எல்.பி. பாடத்திலிருந்துதான் வரும். செவித்திறன் பாடங்களும் புள்ளியியலும் அதில் அடக்கம். ஸ்பீச் மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் நம் மாவட்டங்களில் அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று. பி.சி., எம்.பி.சி. என்று போட்ட தமிழ்நாட்டுச் சாதிச் சான்று மத்திய நிறுவனத்தில் செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று வாங்க வேண்டும். கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் இதைத் தனியாகக் கேட்டு, அறிவிப்பு வருவதற்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு கர்நாடகா போகிறவர்களுக்கு மைக்ரேஷன் சான்றும் தேவைப்படும். பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்த கையோடு ஆர்.சி.ஐ. பதிவையும் முடித்துவிடுங்கள்.

கல்லூரியின் பெயரைவிட அதன் கிளினிக் முக்கியம். முடிந்தால் நேரில் போய் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள்: பக்கவாதம் வந்தவர்களை வார்டிலேயே பார்க்க முடிகிறதா? அன்னப்பிளவு, குரல் கோளாறு, திக்கிப் பேசுதல், ஆட்டிசம் எல்லாம் வருகின்றனவா? விழுங்குதல் பரிசோதனையில் கூட நிற்க விடுகிறார்களா? குழந்தைகளின் பேச்சுத் தாமதம் எல்லா இடத்திலும் கிடைக்கும். விழுங்குதலும் பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சிழப்பும் பெரிய மருத்துவமனையோடு இணைந்த இடத்தில்தான் போதுமான அளவில் கிடைக்கும்.

விழுங்குவதில் சிரமப்படுகிறவர்களைக் கவனிப்பதும் இந்தத் தொழிலின் வேலைதான் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் உணவும் திரவமும் எவ்வளவு கெட்டி என்று வகைப்படுத்தும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோலைக் கற்றுத் தருவார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். திரவத்துக்கான சோதனை எளிது: 10 மில்லி ஊசிக்குழாயில் திரவத்தை நிரப்பி, நுனியைத் திறந்து 10 வினாடி ஓட விட்டு, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். 1 மில்லிக்குக் குறைவாக இருந்தால் நிலை 0, 1 முதல் 4 வரை நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8க்கு மேல் நிலை 3, சொட்டே விழாவிட்டால் நிலை 4. குழாயின் 0–10 அளவு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். வேறு குழாயில் கணக்கு மாறிவிடும்.

ஊருக்குத் திரும்பினால் உங்கள் நோயாளி குடிக்கப்போவது ராகிக் கூழ். அது ஆறினால் கெட்டியாகும். கரண்டியை எச்சிலோடு திரும்பத் திரும்பப் போட்டால் மாவுச்சத்து கரைந்து நீர்த்துப்போகும். நொய் போட்ட கூழ் இன்னும் ஆபத்து: வாய் நொய்யை மெல்லும்போதே தண்ணீர் தொண்டைக்குள் இறங்கி மூச்சுக்குழாய்க்குப் போகலாம். களி ஒட்டும் என்பதால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். இருமல் வரவில்லை என்பதால் பத்திரம் என்று முடிவு செய்யக் கூடாது. இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் போவதும் உண்டு. படிக்கும்போதே இந்த உணவுகளைச் சூடாகவும் ஆறியும் ஊசிக்குழாயில் வைத்துப் பாருங்கள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பைத் தேடி அலைய வேண்டாம், ஊரிலேயே இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நிறைய. கிருஷ்ணகிரியில் உருது பேசும் வீடுகளும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளையைத் தமிழில் மட்டும் சோதித்தால், கோளாறே இல்லாத பிள்ளைக்குப் ‘பேச்சுத் தாமதம்’ என்று எழுத நேரும். உண்மையான தாமதம் எல்லா மொழியிலும் தெரியும். ஒரு மொழியில் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொல்வதும் அப்படித்தான்: வீட்டில் எல்லோரும் அப்படிச் சொன்னால் அது வட்டார வழக்கு, தெரபி தேவையில்லை.

இந்தத் தலைப்பில் ஆய்வு செய்ய நினைத்தால் முதலாம் ஆண்டிலேயே வேலையைத் தொடங்குங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல், பள்ளி அல்லது அங்கன்வாடி அனுமதி, பெற்றோர் சம்மதப் படிவம் மூன்று மொழிகளில் என்று வரிசையாக வரும். நான்காம் பருவத்தில் ஆரம்பித்தவர்கள் மே மாத விடுமுறையில் பிள்ளைகள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள்.

கன்னடம், தெலுங்கு தெரிந்தவர்களுக்கு மைசூரு, பெங்களூரு கிளினிக்கில் கை ஓங்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கேஸ் ஹிஸ்டரி கேட்கும் அளவுக்காவது கன்னடத்தைச் சேரும் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

கிளினிக் பதிவேட்டில் அன்றன்றைக்கே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பருவ முடிவில் வாங்க நினைத்தால் அவர் மாறிப் போயிருப்பார். தேர்ச்சி பெற்றதும் எம்.எஸ்சி.யைக் கூடுதல் தகுதியாக ஆர்.சி.ஐ. பதிவில் சேர்க்க மறக்காதீர்கள். வேலைக்கு அரசு மருத்துவமனைகளின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களைக் கவனியுங்கள். அங்கே செவித்திறன், பேச்சுப் பயிற்சிக்கென்று பணியிடம் உண்டு. அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவாகவே இருக்கும்.