காதலன் அடிக்கிறான் என்று தெரிந்தால் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது

பள்ளி மனநல ஆலோசகராக 14 ஆண்டுகள் கழிந்துவிட்டன. முதல் ஆண்டில் நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். 16 வயது மாணவி ஒருத்தி கையில் விரல் பதிந்த தடத்தோடு வந்தாள். காதலன் பிடித்து இழுத்திருக்கிறான். நான் பதறி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மாலையே அவள் அம்மாவை அழைத்துச் சொல்லிவிட்டேன். அம்மா செல்போனைப் பிடுங்கினார், வெளியே போவதைத் தடுத்தார். அதன்பின் நான்கு மாதங்கள் அவள் என் அறைப்பக்கமே வரவில்லை. தோழியின் போனில் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கே போகலாம், யாருடன் பேசலாம் என்று அவளுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தவன் அவன். நாங்களும் அதையேதான் செய்தோம்.

ஆகவே போனைப் பிடுங்காதீர்கள். ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்பது அவன் கையிலுள்ள பெரிய மிரட்டல். வீட்டின் மீது பயம் கூடக்கூட அதற்கு வலுவும் கூடும்.

பெரும்பாலும் அடிக்கு முன்பே வேறு பல வந்திருக்கும். பாஸ்வேர்டு கேட்பது, இருக்குமிடத்தை எந்நேரமும் காட்டச் சொல்வது, பதில் தாமதமானால் வசைபாடுவது, பிரிந்தால் செத்துவிடுவேன் என்பது, படங்களை வெளியிடுவேன் என்பது. இவற்றை ‘அக்கறை’ என்றுதான் பிள்ளைகள் என்னிடம் சொல்வார்கள். நான் கவனிப்பது இரண்டு: நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்களா, போன் ஒலித்ததும் முகத்தில் வருவது மகிழ்ச்சியா பதற்றமா.

பேசும்போது எதிரெதிரே உட்காராதீர்கள். சேர்ந்து நடக்கும்போதோ ஏதாவது வேலை செய்யும்போதோ பேச்சு எளிதாக வரும். “அவனுக்குக் கோபம் வந்தால் நீ என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல கதவுகளைத் திறந்திருக்கிறது. “ஏன் இன்னும் விடவில்லை?” என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அவனைத் திட்டவும் வேண்டாம். திட்டினால் அவள் அவனுக்கு வக்கீலாகிவிடுவாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆகவேண்டும், ஆனால் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்பதுதான் நேர்மையான வாக்கு.

இது ஒரு வீட்டின் சிக்கல் மட்டுமல்ல. துணை இருந்த வளரிளம் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 20 வயதாவதற்குள் அந்தத் துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கு. பெண்கள் இடைநிலைக் கல்வி குறைவாகப் பெறும் நாடுகளிலும், அவர்களுக்குச் சொத்துரிமை வலுவாக இல்லாத நாடுகளிலும் இது அதிகம். வீட்டில் அடிதடி பார்த்து வளர்ந்தவர்கள், கூட்டாளிகள் காதலியை அறைந்ததைப் பெருமையாகச் சொல்லக் கேட்பவர்கள் ஆகியோரிடமும் ஆபத்து கூடுதல். கூடுதல் என்றேன், விதி என்று சொல்லவில்லை. அப்படி வளர்ந்தும் கை ஓங்காத பையன்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள். அடிவாங்கும் பையன்களும் வருகிறார்கள், கேலிக்குப் பயந்து மிகத் தாமதமாக.

ஆசிரியர்களுக்கு ஒன்று. இத்தகைய வன்முறையைத் தடுக்க நியூயார்க் நகர நடுநிலைப் பள்ளிகளில் நடந்த சோதனையில், வகுப்பில் பாடமாக நடத்தியது மட்டும் பலன் தரவில்லை. பள்ளி வளாகத்தில் செய்த மாற்றங்கள் பலன் தந்தன. மாணவர்களே பள்ளியின் வரைபடத்தில் பயமான இடங்களைக் குறித்தார்கள், அங்கே பள்ளி நிர்வாகம் பெரியவர்களை நிறுத்தியது. எங்கள் பள்ளியிலும் வரைபடம் கொடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஒரே மாடிப்படித் திருப்பம் குறிக்கப்பட்டிருந்தது. நான் தினமும் ஏறிய படி அது.

காத்திருக்கவே கூடாத சில உண்டு. கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தடம் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் போங்கள். ஆயுதம், கொலை மிரட்டல் என்றால் காவல்துறை. பிரியும் நேரத்தில்தான் ஆபத்து ஏறும் என்பதால், பிரியப்போவதை அவனிடம் தனியிடத்தில் சொல்ல விடாதீர்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் நகலெடுத்து நம்பகமான ஒருவரிடம் வைக்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவி ஐந்தாவது மாதம் வந்தாள். உட்காரவில்லை, கதவைப் பிடித்தபடியே நின்றாள். “இந்த முறை அம்மாவிடம் பேசுவதாக இருந்தால் நானும் கூட இருப்பேன்” என்றாள். என்றைக்குப் பேசலாம் என்று அவளிடமே கேட்டேன்.