மிதக்கும் இறங்குதுறையைக் கரையோடு இணைக்கையில் நடக்கும் தவறுகள்

மட்டக்களப்பு வாவியில் மிதவை போடுபவர்கள் பெரும்பாலும் ஆவணியில், தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது அளவெடுக்கிறார்கள். முதல் தவறு அதுதான். இங்கே கடலின் வற்றுப்பெருக்கு சிறிது, மாரி வெள்ளம்தான் பெரிது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைத்துக் கிடக்கும்வரை வாவி ஏறிக்கொண்டே போகும். வெட்டிவிட்டால் மளமளவென்று இறங்கும். கரைச் சுவரில் படிந்த பழைய வெள்ளக்கறையைத் தேடி, கோடை மட்டத்திலிருந்து அதுவரை அளந்த பிறகே கரையையும் மிதவையையும் இணைக்கும் நடைபாலத்தின் நீளத்தை முடிவுசெய்யுங்கள். உயர வித்தியாசத்தைப் போல் 4 மடங்காவது நீளம் வேண்டும். 1 மீற்றர் இறக்கத்துக்கு 3 மீற்றர் பாலம் போட்டால் சரிவு ஏறத்தாழ 20 பாகை. மீன்கூடையோடு ஈரப் பலகையில் ஏறுபவர் வழுக்கி விழுவார். 4 மீற்றர் என்றால் 15 பாகைக்குள் அடங்கும்.

பெருஞ்சேதம் வருவது, பாலத்தின் இரு முனைகளையும் போல்ட் போட்டு இறுக்குவதால். அதே 4 மீற்றர் பாலம் கிடையாக இருந்து 1 மீற்றர் சரியும்போது, அதன் மிதவை முனை 13 சென்ரிமீற்றர் கரைப்பக்கம் நகரும். நகர இடமில்லாவிட்டால் போல்ட் துளை கிழியும், அல்லது பிணைச்சல் (கீல்) கொங்கிறீட்டோடு பெயர்ந்து வரும். கரை முனையில் பிணைச்சல், மிதவை முனையில் உருளை: இதுதான் சரி. உருளை ஓட 30 சென்ரிமீற்றர் தகடும், அது பக்கவாட்டில் விழாமல் இருபுறமும் விளிம்பும் வையுங்கள்.

அந்த உருளை நிற்கும் மிதவை விளிம்பில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பலர் பார்ப்பதேயில்லை. 120 கிலோ பாலத்தின் பாதி 60, இரண்டு பேர் 150, ஆக 210 கிலோ. 200 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பாய் பாதி அமிழ்ந்தால் தன் எடை போக 90 கிலோ அளவே தாங்கும். அங்கே மேலதிகமாக 3 பீப்பாய்கள் தேவை.

நடைபாலம் மிதவையைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். வெள்ளத்தோடு வரும் ஆற்றுவாழை என்னும் நீர்க்களைத் திரள் மிதவையில் அடைந்து தள்ளும்போது, அந்த இழுவை கரையிலிருந்து இரு மூலைகளுக்கும் குறுக்காகப் போகும் சங்கிலிகளில் விழ வேண்டும். சங்கிலியைக் கோடை நீருக்கு இறுக்கிக் கட்டினால் மாரியில் அதுவே விளிம்பை அமிழ்த்தும். கண்டல் மரங்களில் கட்டவே வேண்டாம். வெளிப்பக்கம் நங்கூரமாகப் போடும் 100 கிலோ கொங்கிறீட் கல்லுக்குத் தண்ணீருக்குள் 58 கிலோ எடைதான். அதை நினைவில் வைத்துக் கல்லை வார்த்துக்கொள்ளுங்கள்.

உவர்நீரில் இரும்பு வேகமாகப் போகும். கல்வனைஸ் செய்த பிறகு வெல்டிங் பிடித்தால் அந்த இடத்து நாகப்பூச்சு எரிந்து, துரு அங்கிருந்தே தொடங்கும். துளை, வெல்டிங் எல்லாம் முடித்துவிட்டுப் பூச்சுக்குக் கொடுங்கள்.