டார்ட்மூரில் முயல் மேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள தரிசு மேட்டுநிலம் டார்ட்மூர். அந்தக் காலத்தில் முயல் வளர்ப்பதற்காக அங்கே குவித்த மண்மேடுகளைத்தான் முயல் மேடு என்கிறேன். முதல் தடவை நான் ஆகஸ்டில் போனேன். பெரணி இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. மேடுகளுக்கு நடுவிலேயே நடந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நீங்கள் மார்ச்சில் போங்கள். பெரணி காய்ந்து படிந்திருக்கும். வெயில் சாயும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. முழங்கால் உயர மேடுகூட நீளமாக நிழல் விடும்.

பிளிம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள டிட்ஸ்வொர்திதான் தொடங்கச் சரியான இடம். கட்டர் டோர் என்ற பாறைக்குன்றின் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு மண்பாதையில் நடந்தால் ஒரு பழைய கல்வீடு வரும். முயல் வளர்த்தவர்கள் குடியிருந்த வீடு அது. சுற்றியுள்ள சரிவுகளில் மேடுகள் நிறைய.

நீள்சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். புல்தரையில் தலையணையைப் போட்டது போலிருக்கும். ஆங்கிலத்தில் பெயரே தலையணை மேடுதான். வட்டமாக இருந்தால் அவசரப்படாதீர்கள். அது வெண்கலக் காலத்துக் கல்லறையாக இருக்கலாம், அந்தப் பக்கம் அவையும் உண்டு.

அப்புறம், சுற்றி ஓடும் பள்ளம். நான் நம்புவது இதைத்தான். ஒரு மேட்டை அடியால் அளந்தேன்: நீளம் 24, அகலம் 7. பள்ளத்தில் கால் வைத்ததும் ஷூ நனைந்தது, உள்ளே கோரை முளைத்திருந்தது. இரண்டடி மேலே ஏறினால் மண் உலர்ந்து, புல் கட்டையாக, முயல் புழுக்கையோடு இருந்தது. மேட்டின் வேலை முழுதும் அந்த இரண்டடியில்தான். 12ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் காலத்தில் வந்த முயலுக்கு ஈரம் ஆகாது. இங்கோ மெல்லிய மண்ணுக்கடியில் கருங்கல். அதனால் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே குவித்து, வளை தோண்ட இளகிய இடம் செய்து கொடுத்தார்கள். இறைச்சிக்கும் தோலுக்கும் அன்று அவ்வளவு மதிப்பு.

மேட்டைப் பார்த்ததும் இடைக்காலம் என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்து டிரவுல்ஸ்வொர்தி பண்ணை 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, ஆனால் டார்ட்மூரில் முயல் பண்ணைகள் 20ஆம் நூற்றாண்டு வரை நடந்தன.

திரும்பும்போது தாழ்வான கல்வரிசைகள் புனல்போலக் குறுகி ஒரு புள்ளியில் சேர்வதைக் கண்டால் நில்லுங்கள். முயலைத் தின்ன வரும் கீரி போன்ற ஸ்டோட்டை அந்தச் சுவர்கள் கல்பொறிக்குள் கூட்டிப்போகும். ஒரு கல்லையும் புரட்டாதீர்கள். மண்டியிட்டு, முகத்தைத் தரையோடு ஒட்டி, அந்தப் பிராணியின் உயரத்திலிருந்து பாருங்கள்.