பிளஸ் டூ மாணவர் தம்மைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் “உன்னைப் பற்றிச் சொல்” என்று கேட்டால், பெயரையும் ஊரையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்; அதை எடுத்து அடுக்கிப் பார்க்கும்படி அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பள்ளியை விட்டு வெளியேறும் அந்த ஓராண்டில், உதவித்தொகை தரும் அறக்கட்டளையின் நேர்காணலிலும், விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்திலும், சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் கட்டுரையிலும் திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரே கேள்விதான்: இதுவரை என்ன செய்திருக்கிறாய், எதில் உனக்கு ஈடுபாடு, அடுத்து எங்கே படிக்கப் போகிறாய், ஏன்? மேல்நிலை வகுப்பாசிரியராக இருந்த அனுபவத்தில், இந்த விடைகளை ஒரே பக்கத்தில் எழுதிவைத்த மாணவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தடுமாறுவது குறைவு என்று கண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதும் முறையை இங்கே சொல்கிறேன்.

இதை எழுதத் தொடங்குவதற்கு உகந்த காலம் பதினோராம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறை. தேர்வு முடிவு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் பலரும் நினைக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் தேசியச் சட்டப் பள்ளிகளுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது, ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வின் முதல் கட்டம் ஜனவரியில் நடக்கிறது, நீட் விண்ணப்பம் பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. வடிவமைப்புப் படிப்பில்தான் தன் மனம் இருக்கிறது என்று மே மாதத்தில் கண்டுபிடிக்கும் மாணவருக்கு அந்த ஆண்டின் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

முதல் வேலை சேகரிப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டில், எட்டாம் வகுப்பு முதல் பங்கேற்ற ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுத வேண்டும்: எந்த ஆண்டு, யார் நடத்தியது, எந்த அளவில், அதில் தாம் செய்தது என்ன. ‘எந்த அளவில்’ என்பதைக் கவனமாகக் குறிக்க வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் எனப் படிகள் உள்ளன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவும் பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்றுதான் மேலேறுகிறது. குறுவட்ட வெற்றியை மாவட்ட வெற்றி என்று எழுதிவிட்டால், சான்றிதழைப் பார்ப்பவர் அதற்குப்பின் மற்ற வரிகளையும் நம்பமாட்டார். பதினோராம் வகுப்பில் நடக்கும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேர்ந்து மாதம் 1,500 ரூபாய் பெறுவதும், எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்கான தேசிய வருவாய்வழித் தேர்வில் தேறியதும், என்சிசி ‘ஏ’ சான்றிதழும், சாரணர் இயக்கத்தின் ராஜ்ய புரஸ்கார் விருதும் இந்த நோட்டில் ஏற வேண்டியவையே. மாணவர்கள் இவற்றை மறந்துவிடுவதுதான் வழக்கம்.

ஒவ்வொரு சான்றிதழிலும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். என் வகுப்பு மாணவி ஒருவரின் விளையாட்டுச் சான்றிதழில் முன்னெழுத்து மாறியிருந்தது. கையொப்பமிட்ட அலுவலர் இடமாறுதலில் போய்விட்டதால், அதைத் திருத்திப் பெறுவதற்குள் சரிபார்ப்பு நாளே கடந்துவிட்டது. அவர் அன்று அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை.

சான்றிதழ் இல்லாத சாதனைகள் உண்டு என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பாவின் தேநீர்க் கடைக் கணக்கை மூன்று ஆண்டுகள் எழுதியவர், மாலையில் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், நோயுற்ற பாட்டிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்துக்கொண்டே பத்தாம் வகுப்பை எழுதியவர் ஆகியோர் கோப்பை வென்றவருக்குக் குறைந்தவர்கள் அல்லர். இவற்றை எழுதும்போது பரிதாபம் தேடும் தொனி வரக்கூடாது. என்ன செய்தேன், எவ்வளவு காலம், என்ன விளைந்தது என்று மட்டும் எழுதினால் போதும். “பல போட்டிகளில் கலந்துகொண்டு பல பரிசுகள் வென்றுள்ளேன்” என்ற வரி படிப்பவரின் மனத்தில் எதையும் பதிக்காது. “கலைத் திருவிழாவில் எங்கள் கிராமிய நடனக் குழு மாவட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றது, எட்டுப் பேருக்கும் அடவுகளைப் பிரித்துப் பழக்கியது நான்” என்று எழுதினால், எழுதியவர் கண்முன் வந்து நிற்கிறார்.

மதிப்பெண்ணை எழுதுவதிலும் கவனம் தேவை. அறுநூறுக்கு எத்தனை என்ற ஒற்றை எண்ணை மட்டும் எழுதிவைப்பவர்கள், அதே மதிப்பெண் பட்டியல் வெவ்வேறு வரிசைகளில் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. அரையாண்டுத் தேர்வில் கணிதம் 78, இயற்பியல் 84, வேதியியல் 90, உயிரியல் 92, தமிழ் 97 பெற்ற மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொறியியல் கட் ஆஃப் கணக்கில் கணிதம் நூற்றுக்கும் மற்ற இரண்டும் ஐம்பது ஐம்பதுக்கும் எடுக்கப்படுவதால் 78, 42, 45 எனச் சேர்ந்து 200க்கு 165 ஆகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரியில் மொழிப்பாடங்களை நீக்கி மற்ற நான்கையும் 400க்குக் கணக்கிடுவதால் 344 ஆகிறது. இளங்கலைத் தமிழுக்கோ தமிழ் மதிப்பெண் மட்டுமே தரவரிசையைத் தீர்மானிப்பதால், அங்கே இவர் நூற்றுக்கு 97 பெற்று முன்வரிசையில் நிற்கிறார். ஆகவே மொத்த மதிப்பெண்ணோடு, தமக்குப் பொருந்தும் ஒவ்வொரு வரிசையின் கணக்கையும் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஈடுபாடு, பக்கத்தின் கடினமான பகுதி இதுவே. “கிரிக்கெட், புத்தகம் வாசித்தல், பாட்டுக் கேட்டல்” என்ற வரி எல்லோருக்கும் பொருந்துவதால் ஒருவருக்கும் பொருந்தாது. ஒன்றோ இரண்டோ போதும். அது உண்மையான ஈடுபாடுதானா என்று அறிய நான் மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு: யாரும் சொல்லாமல் நீ செய்த வேலை எது, அதில் நீ செய்த தவறு எது, இன்னும் உனக்கு விடை தெரியாத கேள்வி எது? ஒருமுறை, “டீச்சர், எனக்கு எதிலும் ஆர்வமில்லை” என்று உறுதியாகச் சொன்ன மாணவர், தன் தெருக் கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டு வாரந்தோறும் நீர்மட்டம் அளந்து வந்ததை மூன்றாம் கேள்வியின்போதுதான் சொன்னார். பக்கத்துக் கிணறு வற்றியும் தம் கிணறு வற்றாதது ஏன் என்பதே அவருக்கு விடை தெரியாத கேள்வி. அதை ஆர்வம் என்று எழுதலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

ஈடுபாட்டிலிருந்து படிப்புக்குப் போகும் வழியைத் தேடும்போது, பெயர் ஒத்துப்போகும் பாடத்தில் நின்றுவிடக் கூடாது. கிணற்று நீரைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் புவியமைப்பியலும், கட்டடப் பொறியியலும் (சிவில்), வரைபடமும் செயற்கைக்கோள் படமும் கொண்டு நிலத்தை ஆராயும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் உள்ள புவித் தகவலியலும் விடை தேடுகின்றன. கணிதத்தில் மூழ்கியவருக்குச் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் உள்ளது. அது தனக்கென நுழைவுத் தேர்வு வைத்திருக்கிறது. ஓவியம் வரைபவருக்கு 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும் கும்பகோணத்தில் உள்ள அதன் இணைக் கல்லூரியும் இருக்கின்றன. கட்டடக்கலைக்குப் போக நாட்டா தேர்வோ ஜேஇஇ முதன்மைத் தேர்வின் இரண்டாம் தாளோ எழுத வேண்டும். இசை பயின்றவருக்குத் திருவையாறு உள்ளிட்ட ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. மோட்டார் கழற்றி மாட்டுவதில் மனம் நிற்பவர், பிளஸ் டூவுக்குப்பின் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பிறகு பொறியியலிலும் இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. கையால் கற்பவர்களுக்கு இது நல்ல பாதை என்பது என் கருத்து. விளையாட்டிலோ கலையிலோ தேசிய அளவு வரை போனவர்கள், சென்னை ஐஐடி 2024இல் விளையாட்டுக்கும் அதற்கடுத்த ஆண்டில் கலைக்கும் தொடங்கிய தனிச் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கும் ஜேஇஇ மேம்பட்ட தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பொதுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடுமே இடத்தைத் தீர்மானிக்கின்றன, ஈடுபாட்டையோ சாதனையையோ அங்கே யாரும் கேட்பதில்லை. அப்படியானால் இந்தப் பக்கம் எதற்கு என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். இடம் கிடைப்பதற்கு மதிப்பெண் போதும். நூற்றுக்கணக்கான கல்லூரிக் குறியீடுகளிலிருந்து எதை முதலில் எழுதுவது என்று முடிவெடுக்க மதிப்பெண் உதவாது என்பதே நான் அவருக்குச் சொன்ன விடை.

விருப்பப் பட்டியலை எழுதும் முறையும் இதனோடு சேர்ந்தது. உண்மையில் எது அதிகம் வேண்டுமோ அதையே முதலில் எழுத வேண்டும். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தைத் தருவதால், கிடைக்காத இடத்தை மேலே எழுதுவதனால் கீழே உள்ளது பறிபோவதில்லை. சேர விரும்பாத கல்லூரியை ஒருபோதும் எழுதக் கூடாது. ஒதுக்கீடு வந்தபின் அதையே ஏற்றுச் சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே எழுதிய இடம் காலியானால் நகர்த்தும்படி கேட்கலாம். எனவே நம்முடைய பக்கத்தில் மூன்று இடங்களை எழுதிவைப்பது நல்லது: ஆசைப்படுவது ஒன்று, சென்ற ஆண்டுக் கட் ஆஃப்புக்கு அருகில் உள்ளது ஒன்று, கட்டாயம் கிடைக்கக்கூடியது ஒன்று. மூன்றும் அந்த ஈடுபாட்டின் வழியிலேயே இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றின் எதிரேயும் பணக் கணக்கை எழுத வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெற்றால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் இது பொருந்தாது. விடுதியா, தினமும் பேருந்தா என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதுங்கள்; பெண் பிள்ளைகளின் திட்டம் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் உடைகிறது, ஆகவே அதை முன்கூட்டியே அம்மாவோடும் அப்பாவோடும் பேசிவிட வேண்டும்.

மேலே சொன்ன மதிப்பெண்ணையும் கிணற்றையும் கொண்டு எழுதினால் பக்கம் ஏறக்குறைய இப்படி அமையும்:

“நான் சேலம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல், கணிதப் பிரிவில் படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வின்படி என் பொறியியல் கட் ஆஃப் 165. பத்தாம் வகுப்பு முதல் எங்கள் தெருக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து குறித்து வருகிறேன். முதல் ஆறு மாதம் மோட்டார் ஓடியபின் அளந்ததால் அந்தக் கணக்கு பயன்படவில்லை. அதன்பின் விடியற்காலையில் அளக்கிறேன். பக்கத்துக் கிணறு கோடையில் வற்ற, எங்கள் கிணறு வற்றாதது ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் படிப்பில் சேர விரும்புகிறேன். கிண்டியில் புவித் தகவலியல் என் முதல் விருப்பம். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் அடுத்தது. இரண்டும் கிடைக்காவிட்டால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் புவியமைப்பியல் படிப்பேன். அங்கே வீட்டிலிருந்தே போய்வரலாம்.”

இதில் ‘தன்னம்பிக்கை’, ‘தலைமைப் பண்பு’, ‘கடின உழைப்பு’ போன்ற சொற்கள் இல்லை, வேண்டியதும் இல்லை. எழுதி முடித்தபின் நண்பரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். விடை சொல்ல முடியாத வரியை அடித்துவிடுங்கள், ஏனெனில் நேர்காணலில் அந்த வரியைத்தான் கேட்பார்கள். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால், தமிழில் முழுமையாக எழுதியபின் ஆங்கில ஆசிரியரின் உதவியோடு மாற்றுங்கள். பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்பவரிடம் “நீங்களே ஏதாவது போடுங்கள் அண்ணா” என்று விட்டுவிடக் கூடாது. அங்கே விண்ணப்பிக்கும்போது கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் வீட்டில் உள்ளவருடையதாகவே இருக்கட்டும்; கடைக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒதுக்கீட்டை ஏற்க வேண்டிய நாளில் ஓடிபிக்காகப் பூட்டிய கடையின் முன் காத்திருந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் ஆசிரியருக்கு மூன்று வாரமாவது அவகாசம் தந்து, கேட்கும்போதே இந்தப் பக்கத்தின் படியையும் கொடுங்கள்.

எழுதிய பக்கத்தை ஒரு கோப்பில் வைத்து, அதன் பின்னால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பொருந்துமானால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், நோட்டில் குறித்த வரிசையிலேயே சாதனைச் சான்றிதழ்கள் என அடுக்குங்கள்; இல்லாதவற்றுக்கு இ-சேவை மையத்தில் அரையாண்டு விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கட் ஆஃப் வரியைப் பென்சிலால் எழுதுங்கள். மே மாதத்தில் தேர்வு முடிவு வரும் காலையில் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துப் புதிய எண்ணை எழுத வேண்டியிருக்கும்.