தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகும்: தொட்டி நீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் மாற்றிய மறுநாள் காலையில் மீன் செத்து மிதக்கும். தொட்டியோ பளிச்சென்று இருக்கும். பார்வைக்குத் தெளிவாக இருப்பதை நம்பியதுதான் தவறு. தண்ணீர் பலவற்றையும் எளிதில் கரைத்துக்கொள்ளும். மீனைக் காப்பதும் கொல்வதும் அப்படிக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவைதான்.

தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது பலருக்கும் வழக்கம். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. குழாய் நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். மறுபடி பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்தெடுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது பி.ஹெச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) மாற்றம். நீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும்: அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம் அயனி, செவுளைத் தாக்கும் அமோனியா. 28 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 இருந்தால் மொத்தத்தில் சுமார் 0.7 சதவீதம்தான் நச்சு வடிவம். பி.ஹெச். 8 ஆனால் சுமார் 6.5 சதவீதம். சோதனைக் கிட் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே காட்டும் என்பதால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றும் தொட்டியில் இது வினையாகிறது. அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் அதில் அநேகமாக இருக்காது. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் சேர்ந்து பி.ஹெச். 6க்கும் கீழே இறங்கும், பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். அமோனியம் சேர்ந்துகொண்டே போனாலும் மீன் தாக்குப்பிடிக்கும். ஒருநாள் பி.ஹெச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், அமோனியத்தில் ஒரு பகுதி நச்சு அமோனியாவாக மாறிவிடும். நல்ல தண்ணீர்தானே ஊற்றினோம் என்று குழம்புவது இந்த இடத்தில்தான். ஆர்.ஓ. நீருடன் போர் நீரைத் தொடக்கத்திலிருந்தே ஒரே விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். ஏற்கெனவே பி.ஹெச். இறங்கிய தொட்டி என்றால் தினமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

போர் தண்ணீரை எடுத்தவுடன் சோதிப்பதும் ஏமாற்றும். நிலத்தடி நீரில் கரியமில வாயு மிகுந்து, ஆக்சிஜன் குறைந்திருக்கும். ஒருநாள் ஏர் பம்ப் ஓடிய பிறகு பி.ஹெச். ஏறும், அந்த அளவுதான் உண்மை.

குளோரின் கலந்த குழாய் நீருக்கு, குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் வாங்கி வையுங்கள். 10 கிராம் படிகத்தைக் கரைத்து 100 மி.லி. ஆக்கினால், லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் உள்ள 20 லிட்டர் வாளிக்கு அதில் 2 மி.லி. போதும்.

ஆவியான அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி நிரப்புவது நீர் மாற்றம் ஆகாது. நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிச் செறிந்துகொண்டே போகும்.

வெயில் காலத்தில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்தால் பசி என்று தீனி போடாதீர்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.6 மி.கி.தான். போட்ட தீனி அழுகினால் இருப்பதும் குறையும். ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள், தொட்டி மூடியைத் திறந்துவிடுங்கள், அன்றைக்குத் தீனி வேண்டாம்.