54 வயதில் ஒரு பள்ளம்: மக்கள்தொகைப் பிரமிடைப் படிப்பது எப்படி?

ஜப்பானின் 2020 கணக்கெடுப்பை ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பட்டை என்று பிரமிடாக வரைந்தால், 54 வயதுக்கு நேரே இரு பக்கமும் கத்தியால் வெட்டி எடுத்ததுபோல் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் எப்படி விழுந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் எந்த நாட்டின் பிரமிடையும் படித்துவிடலாம். எனவே ஜப்பானையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: அளவுகளைக் கவனியுங்கள்

கீழே கைக்குழந்தைகள், உச்சியில் முதியவர்கள்; இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள் என்பது பொதுவான வழக்கம். பட்டையின் நீளம் எண்ணிக்கையைக் காட்டுகிறதா, விழுக்காட்டைக் காட்டுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இரு நாடுகளை ஒப்பிட விழுக்காடுதான் உதவும். எண்ணிக்கையில் வரைந்தால் இந்தியாவுக்குப் பக்கத்தில் இலங்கை வெறும் கோடாகிவிடும். உச்சிப் பட்டையில் ‘85க்கு மேல்’ என்று எழுதியிருந்தால், பல வயதினரை ஒன்றாக அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதன் நீளத்தை மற்றப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டாம் படி: உருவத்தைப் பாருங்கள்

அடி அகன்று மேலே போகப் போகக் கூர்ந்தால் பிறப்பு மிகுந்த, இளையோர் நிறைந்த நாடு; நைஜர் அப்படிப்பட்டது. அடி குறுகி நடுவும் மேலும் பருத்திருந்தால் பிறப்பு குறைந்து, முதியோர் பெருகிய நாடு. 2020இல் ஜப்பானியரில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன என்பது என் வருத்தம். சுவையான பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: கழித்துப் பாருங்கள்

கணக்கெடுப்பு ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு கிடைக்கும். 2020இலிருந்து 54ஐக் கழித்தால் 1966.

நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுழற்சியைப்போலவே ஜப்பானியருக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அதில் 1966 ‘ஹினோஎ உமா’, அதாவது தீக்குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் முரட்டுக் குணம் கொண்டவள், கணவனுக்குக் கேடு விளைவிப்பாள் என்பது பழைய நம்பிக்கை. மகள் பிறந்தால் அவள் திருமணம் என்ன ஆகுமோ என்று அஞ்சிய பெற்றோர் அந்த ஆண்டில் பிள்ளைப்பேற்றையே தவிர்த்தார்கள். 1965இல் ஏறக்குறைய 18.2 லட்சமாக இருந்த பிறப்பு 1966இல் 13.6 லட்சமாகச் சரிந்தது. மறு ஆண்டே 19.4 லட்சத்துக்கு எழுந்தது.

பள்ளத்தை இன்னொரு முறை பாருங்கள். நம்பிக்கை பெண்களைப் பற்றியது. ஆனால் ஆண்கள் பக்கமும் அதே அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே அறிய அன்று வழி இல்லை. அதனால் மகனாகப் பிறந்திருக்கக்கூடியவர்களும் பிறக்காமல் போனார்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் நாம் வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தைந்து வயதாகத் தொகுத்த பிரமிடில் இந்தப் பள்ளம் 50–54 என்ற பட்டைக்குள் கரைந்துவிடும். ஒற்றை வயது விவரம் கிடைக்கும்போது அதையே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: எதிரொலியைத் தேடுங்கள்

பிரமிடில் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புடைப்பு இருக்கிறது. கழித்தால் 1947–49: போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் குடும்பம் தொடங்கிய காலம். 1949இல் மட்டும் ஏறக்குறைய 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெற்றோரானபோது 1971–74இல் இரண்டாவது புடைப்பு எழுந்தது. அதற்கு அடுத்த தலைமுறையில் மூன்றாவது புடைப்பு வரும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். வரவில்லை. பொருளாதாரம் சரிந்த 1990களில் ஆண்டுதோறும் பிறந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 12 லட்சத்திலேயே நின்றது. ஜப்பானின் பிரமிடில் என்னை அதிகம் வாட்டும் இடம் இதுதான். பெற்றோராகும் வயதில் அத்தனை பேர் இருந்தும் அவர்களுக்குக் கீழே பட்டைகள் விரியவே இல்லை.

ஐந்தாம் படி: இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்

உச்சியில் பெண்கள் பக்கம் நீண்டிருப்பது இயல்பு. பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். உழைக்கும் வயதில் ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்தால் இடப்பெயர்வை நினையுங்கள். கத்தாரின் பிரமிடில் இருபது முதல் நாற்பது வரை ஆண்கள் பக்கம் மட்டும் பெரிய தொப்பைபோல் தள்ளி நிற்கிறது. வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைப் பார்த்து அங்கே பயனில்லை. அவர்கள் பிறந்தது வேறு நாடுகளில். தமிழகத்திலிருந்து வேலைக்குச் சென்றவர்களும் அந்தப் பட்டைகளுக்குள் இருக்கிறார்கள்.

வரையும்போது

எக்செல்லில் ஆண்களின் எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டு, கிடைமட்டப் பட்டை வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் தானாக அமைந்துவிடும். ஜப்பானுக்குப் பிறகு இந்தியாவின் 2011 கணக்கெடுப்பை ஒற்றை வயதாக வரைந்து பழகுங்கள். 30, 35, 40 என்று ஐந்தைந்து வயதுக்கு ஒரு முள் குத்திட்டு நிற்பதைக் காண்பீர்கள். அந்த ஆண்டுகளில் பிறப்பு கூடவில்லை. பிறந்த தேதி தெரியாதவர்கள் வயதைத் தோராயமாக 0 அல்லது 5இல் முடியும் எண்ணாகச் சொன்னதன் தடம் அது. “தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது நான் கைக்குழந்தை” என்று சொல்லும் பெரியவருக்கு வயது 45 என்று எழுதிக்கொள்வது எளிது. இந்தியப் பிரமிடில் ஒரு முள்ளைக் கண்டால், 1966ஐப்போல் கதை தேடுவதற்கு முன் அந்த வயது 0 அல்லது 5இல் முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.