பழைய ஃபிலிம் கேமராவுக்கு பேட்டரி: யாஷிகா எலக்ட்ரோ 35-ஐ உசுப்பிவிட்ட கதையும் செய்முறையும்

பீரோவுல இருந்து பழைய கேமராவ எடுத்து, பட்டன அமுக்கிப் பாத்து, லைட் எரியலன்னதும் "இது போச்சுடா"ன்னு திருப்பி துணிக்கு அடியிலயே சொருகிடுறவங்கதான் ஜாஸ்தி. எங்க சித்தப்பாவோட யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் இருபது வருஷத்துக்கு மேல அப்படித்தான் கெடந்துச்சு. கடைசில பாத்தா கேமராவுக்கு ஒண்ணுமே இல்ல, பேட்டரி வைக்கிற குழியிலதான் கோளாறு. அத எப்படி சரி பண்ணேன்னு சொல்றேன், சால்டரிங் அயர்ன கையில புடிக்காதவங்களும் முக்கால்வாசி வேலைய செஞ்சுடலாம்.

முதல்ல, உங்க கேமராவுக்கு பேட்டரி எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

எல்லா கேமராவும் ஒரே மாதிரி இல்ல. ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்கு பேட்டரியே கெடையாது, லென்ஸ சுத்தி தேன்கூடு மாதிரி இருக்குதுல்ல, அந்த செலீனியம் செல்லு, மேல விழற வெளிச்சத்துலயே மீட்டர (வெளிச்சத்த அளக்குற கருவி) ஓட்டிக்கும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம் இதுக்கெல்லாம் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், அது இல்லாட்டியும் ஷட்டர் அடிக்கும். கேனான் ஏஇ-1 நேர் எதிர், பேட்டரி இல்லன்னா ஷட்டரே விழாது. எலக்ட்ரோ 35 ரெண்டுங்கெட்டான். பேட்டரி இல்லாமலும் க்ளிக்குனு சத்தம் வரும், ஆனா எப்பவும் 1/500 செகண்ட்லயே அடிக்கும். இது தெரியாம "ஷட்டர் நல்லாத்தானே அடிக்குது"ன்னு ரோல் போட்டு வீட்டுக்குள்ள எடுத்தா, கழுவி வர்ற நெகட்டிவ்ல ஒண்ணும் இருக்காது.

அப்புறம் வோல்ட்

இங்கதான் நெறைய பேர் வழுக்குறாங்க. குழிக்குள்ள எந்த பேட்டரி உக்காருதுன்னு பாக்குறாங்க, கேமரா எத்தன வோல்ட் கேக்குதுன்னு பாக்குறதில்ல. சைஸ் பத்தலன்னா பேப்பர சுத்தியாவது சரிக்கட்டிடலாம், வோல்ட்ட அப்படி சரிக்கட்ட முடியாது.

1960கள், 70கள்ல வந்த கேமராவுல பெரும்பாலும் மெர்க்குரி பேட்டரிதான். அதுக்கு ஒரு நல்ல குணம் இருந்துச்சு, சாகுற வரைக்கும் வோல்ட் எறங்காது. அந்த தைரியத்துல கேமரா பண்ணவங்க வோல்ட்ட கட்டுப்படுத்த தனியா சர்க்யூட் எதுவும் வைக்கல. பின்னாடி பாதரசம் விஷம்னு அமெரிக்காவுல 1996-ல சட்டம் போட்டு நிறுத்துனாங்க, மத்த நாடுகள்லயும் கடைல கெடைக்காம போச்சு.

எலக்ட்ரோ 35-க்கு (முதல் மாடல் 1966, ஜிஎஸ்என் 1973) வேணுங்கறது பிஎக்ஸ்32னு ஒரு 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி. நல்லவேளை, இதோட சர்க்யூட் கொஞ்சம் தாராள மனசுக்காரி, 6 வோல்ட் குடுத்தாலும் எக்ஸ்போஷர் (ஃபிலிம்ல விழற வெளிச்சத்தோட அளவு) பெருசா மாறாது. அதனால 4எல்ஆர்44 வாங்கிக்கலாம். பிஎக்ஸ்28, ஏ544, 476ஏ எல்லாம் இதோட மறுபேருங்கதான்.

வாங்கும்போது அட்டைய படிச்சுப் பாருங்க. நான் மொதல் தடவ கடைல "சின்ன உருளை பேட்டரி குடுங்க"ன்னு கேட்டேன், அவரு 23ஏ எடுத்து நீட்டிட்டாரு, நானும் வாங்கி பாக்கெட்ல போட்டுட்டு வந்துட்டேன். அது கேட் ரிமோட்டுக்கு போடுற 12 வோல்ட் சாமான்! பாக்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். 4எல்ஆர்44 கொஞ்சம் குண்டு, 13 மில்லிமீட்டர் அகலம், 25 நீளம். 23ஏ ஒல்லி, 10 மில்லிமீட்டர் சொச்சம். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வச்சுப் பாத்ததால தப்பிச்சேன்.

உங்க கேமரா 1.35 வோல்ட் பிஎக்ஸ்625 கேக்குற ரகமா (கேனானெட் க்யூஎல்17, மினோல்டா எஸ்ஆர்டி 101, ஒலிம்பஸ் ஓஎம்-1 மாதிரி) இருந்தா கொஞ்சம் உஷாரா இருக்கணும். அதுல சாதா 1.5 வோல்ட் பட்டன் செல்ல போட்டா முள்ளு ஆடும், உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும், ஆனா வெளிச்சத்த அதிகமா காட்டும், அத நம்பி எடுத்தா படம் இருட்டா வரும். அதுவும் அல்கலைன்னா நாள் ஆக ஆக வோல்ட் எறங்கிட்டே போகும், இன்னிக்கு ஒரு கணக்கு அடுத்த மாசம் ஒரு கணக்கு. இதுக்கு சுலபமான வழி காது மெஷின் பேட்டரி, 675 நம்பர், நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 1.4 வோல்ட். ஸ்டிக்கர உரிச்சு அஞ்சு நிமிஷம் காத்தாட விட்டுட்டு, சுத்தி ஒரு ரப்பர் ஓ-ரிங் மாட்டி உள்ள வைங்க, உயரம் பத்தலன்னா ஃபாயில் பேப்பர மடிச்சு வைக்கலாம், ஆனா ஸ்டிக்கர் இருந்த பக்கம் ஓட்டை இருக்கும், அத அடைச்சுடாதீங்க, அது காத்த குடிச்சுதான் ஓடுது. ஒண்ணு ரெண்டு மாசத்துல காஞ்சு போயிடும், ஆனா சல்லிசா கெடைக்கும். அடிக்கடி மாத்த சோம்பேறித்தனமா இருந்தா எம்ஆர்-9னு ஒரு அடாப்டர் விக்குது, அதுக்குள்ள ஒரு ஷாட்கி டயோடு உக்காந்து சில்வர் ஆக்சைடு செல்லோட 1.55 வோல்ட்ல 0.2 வாக்குல முழுங்கிடும். உள்ள போட வேண்டியது எஸ்ஆர்43, எஸ்ஆர்44 இல்ல. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்குக்கு இந்த தலவலி எதுவும் இல்ல, அதுல இருக்குறது பிரிட்ஜ் சர்க்யூட், அதாவது வோல்ட் கொஞ்சம் மாறுனாலும் கணக்கு மாறாத அமைப்பு, 1.55 குடுத்தாலும் சரியா காட்டும்.

குழிய சுத்தம் பண்றது

கேமரா அடியில இருக்குற வட்ட மூடிய ஒரு காயின் வச்சு திருகுங்க. இறுகிக் கெடந்தா கட்டிங் பிளேயர தூக்காதீங்க, ஒரு பழைய ரப்பர் செருப்பு துண்ட அழுத்தி வச்சு திருகுனா பெரும்பாலும் அசைஞ்சு குடுக்கும். உள்ள பழைய மெர்க்குரி பேட்டரி இருந்துச்சுன்னா ஒடைக்காம, நெருப்புல போடாம, ஜிப் கவர்ல போட்டு இ-வேஸ்ட் எடுக்குற எடத்துல குடுத்துடுங்க.

எனக்கு மூடிய தொறந்தப்போ தகட்டு மேல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்திருந்துச்சு. பேட்டரி கசிஞ்சா வர்றது காரம், அதனால வினிகரோ எலுமிச்ச சாறோ போதும். காது குடையுற பட்ஸ்ல தொட்டு, சொட்டாத அளவுக்கு பிழிஞ்சு, தகட்ட தேயுங்க, நுரைச்சுட்டு வரும். நுரை நின்னதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சு, நெயில் ஃபைல வச்சு உலோகம் பளபளன்னு தெரியுற வரைக்கும் லேசா உரசுங்க. கேமராவ தலைகீழா புடிக்காதீங்க, குழி பக்கவாட்டுல இருக்குற மாதிரி சாச்சு வச்சுக்கோங்க, சாறு உள்ள ஓடிடக்கூடாது.

நீளத்த நிரப்புறது

பழைய பேட்டரி சுமார் 44 மில்லிமீட்டர் நீளம், 17 அகலம். புதுசு 25-க்கு 13. அப்போ நீளத்துல 19, அகலத்துல 4 குறையுது. சார்ட் பேப்பர்ல நாலு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பேட்டரிய சுத்தி உருட்டிக்கிட்டே வாங்க, குழிக்குள்ள ஆடாம வழுக்கிட்டு போற பருமன் வந்ததும் செல்லோடேப் ஒட்டுங்க. இப்ப ஒரு பேப்பர் குழாய் கெடச்சிடுச்சு, உள்ள பேட்டரி, மிச்ச எடத்துல ஒரு ஸ்பிரிங். பழைய டார்ச் ஸ்பிரிங் அருமையா உக்காரும். பேனா ஸ்பிரிங் ரொம்ப மெலிசு, வளைஞ்சுக்கும். சிலர் ஃபாயில உருட்டி அடைக்கிறாங்க, அன்னிக்கு எரியும், நாலு நாள்ல அமுங்கி தொடர்பு விட்டுப்போய் கல்யாண வீட்டுல கழுத்தறுக்கும்.

ப்ளஸ் எந்தப் பக்கம்னு குழியில இருக்குற குறிய பாத்து போடுங்க. ஸ்பிரிங்க எந்த முனையில வச்சாலும் கரன்ட் பாயும், பேட்டரி மட்டும் தலைகீழா போகக்கூடாது.

அப்பவும் எரியலன்னா ஒயர்

முதுகுப்பக்கம் இருக்குற பேட்டரி செக் பட்டன அமுக்குங்க. ஃபிலிம் கவுண்டர் பக்கத்துல லைட் எரிஞ்சா இந்த பகுதிய தாண்டிப் போயிடலாம்.

எனக்கு எரியல. பேட்டரிய மல்டிமீட்டர்ல டிசி 20 வோல்ட்ல வச்சுப் பாத்தேன், 6.3 காட்டுச்சு, அப்ப பேட்டரி மேல குத்தமில்ல. பேட்டரிய எடுத்துட்டு அடித்தகட்ட கழட்டுனேன் (ஜப்பான் கேமரா ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் இருந்தா நல்லது, சாதாரண ஸ்டார் தலைய தின்னுடும்). ஒண்ணு கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கழட்டுன பிறகு ஒரு போட்டோன்னு ஃபோன்ல எடுத்துக்கிட்டே வாங்க. குழியோட தகட்டுல இருந்து போற ஒயர டுவீசர்ல தொட்டேன், அப்படியே கையோட வந்துடுச்சு, சால்டர் இருந்த எடத்துல பச்சைப் பொடி மட்டும்தான்.

அந்த உப்பு ஒயர் மேல் உறைக்கு அடியிலயே ஏறி போயிருக்கும். ஒரு சென்டிமீட்டர் வெட்டி உள்ள பாருங்க. செம்பு செவப்பா இருந்தா சரி, கறுப்பா இருந்தா அதுல சால்டர் ஒட்டவே ஒட்டாது, முழு ஒயரையும் மாத்திடுங்க. ப்ளஸ்ஸுக்கு செவப்பு, மைனஸுக்கு கறுப்புன்னு மெல்லிசான ஒயரா எடுத்துக்கோங்க, பின்னாடி உங்களுக்கே குழப்பம் வராது. 25 வாட் அயர்ன் போதும். ஒயர் முனையிலயும் தகட்டுலயும் தனித்தனியா ஃப்ளக்ஸ் (சால்டர் நல்லா ஒட்ட தடவுற பசை) தடவி கொஞ்சம் ஈயம் பூசி வச்சுட்டு, ரெண்டையும் சேத்து வச்சு, ரெண்டே செகண்ட் அயர்ன தொட்டு எடுங்க. அதுக்கு மேல வச்சா சுத்தியிருக்குற பிளாஸ்டிக் உருகும். சால்டர் ஆறி மினுமினுன்னு இருந்தா ஒட்டிடுச்சு, சாம்பல் பூத்து உருண்டையா நின்னா திரும்ப சூடு காட்டுங்க. மல்டிமீட்டர கன்டினியூட்டில (ஒயர் அறுபடாம இருக்கான்னு பாக்குற இடம்) வச்சு பீப் சத்தம் கேட்டதும், மூடுறதுக்கு முன்னாடி ஒயர லேசா இழுத்துப் பாருங்க.

சோதிக்கிறது

ஃபிலிம் போடாதீங்க. லிவர சுத்துங்க, ஏஎஸ்ஏ (ஃபிலிமோட வேகம்) 400, அப்பர்ச்சர் (லென்ஸ் தொறப்பு) எஃப்/16-ல வச்சுட்டு, ரூம்ல நின்னு பட்டன பாதி அமுக்குங்க. மஞ்ச லைட் எரியணும், 1/30-ஐ விட மெதுவா போகுதுன்னு அர்த்தம். வெயில்ல எஃப்/1.7 வச்சு பாத்தா செவப்பு எரியணும், வெளிச்சம் ஓவர்.

அடுத்தது எனக்கு ரொம்ப புடிச்ச டெஸ்ட். முன்னாடி இருக்குற மீட்டர் ஜன்னல வெரலால நல்லா மூடிட்டு முழுசா அமுக்குங்க. "க்ளிக்"னு தொறந்து அப்படியே நிக்கும், ரெண்டு செகண்ட், மூணு செகண்ட், வெரல எடுத்ததும் "க்ளக்"னு மூடிக்கும். அந்த ரெண்டாவது சத்தத்துக்குத்தான் ஒரு ஞாயித்துக்கிழம பூரா ஒக்காந்திருந்தேன். மூடியே இருந்தாலும் சடக்குனு ஒரே சத்தத்துல முடிஞ்சா இன்னும் 1/500-லயே நிக்குதுன்னு அர்த்தம், திரும்ப ஒயர பாருங்க. ஒயரும் சரியா இருந்துட்டா, லிவர் சுத்தும்போது உள்ள "டொக்"னு ஒரு சத்தம் வருதான்னு கவனிங்க. வரலன்னா உள்ள இருக்குற ஒரு சின்ன ரப்பர் பேட் பொடிஞ்சு போயிருக்கும், இந்த கேமராவுக்கே உள்ள பரம்பர வியாதி அது. அதுக்கு மேல்தகட்ட கழட்டணும், முதல் முயற்சியா அத செய்யாதீங்க, மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க.

எல்லாம் ஓடுதுன்னா பேட்டரி போட்ட தேதிய ஒரு துண்டு மாஸ்கிங் டேப்ல எழுதி மூடிக்கு உள்பக்கம் இல்லாம அடித்தகட்டுல ஒட்டுங்க, மூடிக்குள்ள ஒட்டுனா தொடர்பு விட்டுடும், நான் ஒட்டி அரை மணி நேரம் முழிச்சேன். ஒரு மாசத்துக்கு மேல கேமராவ தொட மாட்டீங்கன்னா பேட்டரிய வெளிய எடுத்து, அந்த பேப்பர் குழாயோடயே கேமரா பைக்குள்ள போட்டு வைங்க.